அம்மன் காசு: ரூபாய்க்கு 320

வீட்டில் சாவி காணாமல் போனால், மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தவித்தால், "அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைக்கிறேன்னு வேண்டிக்கோ, கிடைச்சுடும்" என்று சொல்லும் பாட்டிகள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்த அம்மன் எந்த ஊர், அது என்ன அரைக்காசு என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் வரக் கொஞ்சம் நேரமாகும்.

அம்மனின் பெயர் பிரகதாம்பாள். கோயில், புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. காசு, அந்த ஊரை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் அடித்த சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒரு பக்கம் உட்கார்ந்த கோலத்தில் அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற ஒரே சொல். அவ்வளவுதான். மன்னர் முகம் இல்லை, ஆண்டு இல்லை, 'இத்தனை காசு' என்ற மதிப்பும் இல்லை. மக்கள் இதை அம்மன் காசு என்றார்கள். காசில் இருந்ததால் அம்மனுக்கே அரைக்காசு அம்மன் என்று பெயர் வந்துவிட்டது. காசு என்னவோ முழு வட்டக் காசுதான். மிகக் குறைந்த தொகையை 'அரைக்காசு' என்று சொல்வது நம் வழக்கம். "அரைக்காசு உத்தியோகம் ஆனாலும் அரசாங்க உத்தியோகம்" என்கிறோமே, அந்த அரைக்காசு.

பழைய சமஸ்தானங்களின் நாணயங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவருக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் காசைத்தான். திருவிதாங்கூரோ ஹைதராபாத்தோ பெரிய கடல். புதுக்கோட்டையில் ஒரே ஒரு காசு. அதைப் புரிந்துகொண்டால் மற்றவற்றுக்கும் வழி திறந்துவிடும்.

சமஸ்தானம் என்றால் என்ன, காசு அடிக்க யார் விட்டார்கள்?

சமஸ்தானம் என்பது பிரிட்டிஷ் ஆட்சிக்கு மேலாதிக்கத்தை விட்டுக்கொடுத்து, உள் நிர்வாகத்தைத் தன் கையில் வைத்திருந்த அரசு. சென்னை மாகாணத்தோடு சேர்ந்தவையாக ஐந்து சமஸ்தானங்கள் இருந்தன: திருவிதாங்கூர், கொச்சி, புதுக்கோட்டை, பங்கனபள்ளி, சண்டூர். புதுக்கோட்டையின் பரப்பு 1,200 சதுர மைலுக்கும் சற்றுக் குறைவு. தஞ்சாவூர், திருச்சி, மதுரை, இராமநாதபுரம் என்று நாலா பக்கமும் பெரிய நிலங்கள் சூழ, நடுவில் ஒரு வறண்ட துண்டு.

1686 வாக்கில் இராமநாதபுரம் கிழவன் சேதுபதி தன் மைத்துனர் ரகுநாதராயத் தொண்டைமானுக்குக் கொடுத்த பகுதியிலிருந்து வளர்ந்த அரசு இது. 1750களில் திருச்சிராப்பள்ளியைச் சுற்றி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியபோது தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். உணவுப் பொருள் அனுப்பி உதவினார். 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததும் புதுக்கோட்டைதான். அந்தப் பழி இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது தனிக் கதை. நமக்கு வேண்டியது அதன் விளைவு. சுற்றியிருந்த பாளையங்கள் எல்லாம் ஜமீன்களாகச் சுருங்கியபோது புதுக்கோட்டை மட்டும் அரசாக நீடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பமும் கட்டவில்லை. கம்பெனி கீழாநிலைக் கோட்டையைக் கொடுத்ததற்காக ஆண்டுக்கு ஒரு யானை தரவேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதையும் யாரும் வற்புறுத்தவில்லை, 1836இல் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

காசு அடிப்பது அரசனின் உரிமை என்பது பழைய எண்ணம். வெள்ளைக்காரனுக்கோ நாடு முழுவதும் ஒரே ரூபாய் ஓடவேண்டும். 1835இல் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் ஒரே வகை ரூபாயைக் கொண்டுவந்தது. 1876இல் வந்த ஒரு சட்டம், "உங்கள் நாணயத்தை எங்கள் நாணயச் சாலையிலேயே அடித்துத் தருகிறோம், எங்கள் பகுதியிலும் செல்லும், ஆனால் எடையும் தரமும் எங்கள் ரூபாய் போலவே இருக்க வேண்டும்" என்று சமஸ்தானங்களுக்கு வலை விரித்தது. இராஜஸ்தானத்து ஆல்வார் அரசு அதில் இறங்கியது. 1877இல் வந்த அதன் ரூபாயில் ஒரு பக்கம் விக்டோரியா ராணி, மறுபக்கம் ஆல்வார் மன்னர் பெயர்.

புதுக்கோட்டைக்கு அந்தத் தலைவலி இல்லை. அது ரூபாய் அடிக்கவே இல்லை. வெள்ளி நாணயம் எல்லாம் பிரிட்டிஷ் ரூபாய்தான், அணாவும் அவர்களுடையதே. அதற்குக் கீழே, கீரைக்காரியிடமும் வெற்றிலைக் கடையிலும் கொடுக்கும் சில்லறையில் மட்டும் அம்மன் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு கீழே நடக்கும் வியாபாரத்தில் கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்கார அரசுக்கு என்ன அக்கறை? இந்தக் காசு பிழைத்துக் கிடந்ததற்கு அதன் சிறுமையே காரணம் என்பது என் எண்ணம்.

கணக்குக்கு வருவோம்

அந்தக் காலத்து ரூபாய்க் கணக்கை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். 1 ரூபாய்க்கு 16 அணா. 1 அணாவுக்கு 4 காலணா. 1 காலணாவுக்கு 3 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. இது பிரிட்டிஷ் கணக்கு.

அம்மன் காசு, 1 அணாவுக்கு 20. அப்படியானால் காலணாவுக்கு 5, ரூபாய்க்கு 320. கடையில் 7 காசுக்குக் கத்தரிக்காய் வாங்கினால் ஒரு காலணாவும் 2 அம்மன் காசும் கொடுக்கலாம். அரையணா நீட்டினால் 3 காசு மீதி வாங்கிக்கொள்ளலாம். இதுவரை சுகம். தம்பிடியோடு ஒப்பிட்டால்தான் இடிக்கும்: 3 தம்பிடிக்கு 5 காசு, ஒரு தம்பிடிக்கு ஒன்றேமுக்காலுக்குச் சற்றுக் குறைவாக வரும். மாற்றிக் கொடுக்கிறவன் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

அணாவுக்கு 20 என்று ஏன் வைத்தார்கள்? 12 தம்பிடி இருக்கிறதே, 12 காசு என்று வைத்திருந்தால் எளிதாக இருந்திருக்குமே என்று நானும் முதலில் நினைத்தேன். அப்புறம் பழைய தமிழ்ப் பின்னக் கணக்கைப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த கீழ்வாய் இலக்கத்தில் 16இல் ஒரு பங்கு மாகாணி. 20இல் ஒரு பங்கு மா. 80இல் ஒரு பங்கு காணி. 160இல் ஒரு பங்கு அரைக்காணி. 320இல் ஒரு பங்கு முந்திரி.

இப்போது காசைப் பொருத்திப் பாருங்கள். அணா என்பது ரூபாயில் மாகாணி. அம்மன் காசு என்பது அணாவில் ஒரு மா. மாகாணியில் மா எடுத்தால் முந்திரி. அதாவது ஒரு அம்மன் காசு, ஒரு ரூபாயின் சரியான முந்திரி. 2 காசு அரைக்காணி, 4 காசு காணி, 16 காசு ஒரு மா. பிரிட்டிஷ் அணாவுக்குள் உட்கார்ந்துகொண்டே ஓலையில் எழுதும் கணக்குப்பிள்ளையின் வாய்ப்பாட்டுக்கும் இது பிசகாமல் பொருந்துகிறது. இதை நினைத்துத்தான் 20 என்று வைத்தார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாய்ப்பாட்டில் ஊறிய ஒருவருக்கு இந்தக் காசு கொஞ்சமும் தொந்தரவு தந்திருக்காது. தம்பிடிதான் அவருக்கு அந்நியம்.

புதிதாக வருகிறவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். 'காசு' என்ற பெயர் இருந்தால் மதிப்பும் ஒன்றே என்று நினைத்துவிடுவார்கள். இல்லை. சென்னையில் கம்பெனி வைத்திருந்த பழைய கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன், ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். பெருக்கிப் பார்த்தால் ரூபாய்க்கு 960 காசு. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் அவர்களுடைய சர்க்கார் ரூபாய். அங்கே ரூபாய்க்கு 448 காசு. பிரிட்டிஷ் ரூபாய் கொண்டுபோனால் 28 சக்கரத்துக்குப் பதில் இருபத்தெட்டரை சக்கரம் தருவார்கள். புதுக்கோட்டையில் 320. ஒரே சொல், மூன்று ஊர், மூன்று விலை. பழைய ஆவணத்தில் 'இத்தனை காசு' என்று பார்த்தால் முதலில் எந்த ஊர்க் காசு என்று கேட்க வேண்டும்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசியாவின் சிறு செப்பு நாணயங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கேஷ்' என்ற பெயர், போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போன நம் காசுதான். ஆனால் ரொக்கம் என்ற பொருளில் இன்று நாம் சொல்லும் 'கேஷ்' வேறு. அது பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நின்றது தற்செயல். கொடுத்ததற்கு வாங்கியதும் உண்டு: நாம் சொல்லும் துட்டு டச்சுக்காரர்களுடைய சிறு நாணயத்தின் பெயர்.

'விஜய' யார்?

காசின் பின்பக்கத்தில் வி, ஜ, ய என்று மூன்று தெலுங்கு எழுத்து. தமிழ் நாட்டுக் காசில் தெலுங்கு ஏன் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். விஜயநகரமும் அதன் பின் வந்த மதுரை, தஞ்சை நாயக்கர்களும் ஆண்ட நாட்களில் அரண்மனை மொழியாகத் தெலுங்கு இந்தப் பக்கமெல்லாம் வேரூன்றியிருந்தது. தொண்டைமான்கள் அந்த மரபில் வந்தவர்கள். பக்கத்து இராமநாதபுரத்துச் சேதுபதிகள் காசில் தமிழில் எழுதினார்கள். இதில் பெருமையும் இல்லை, குறையும் இல்லை. அந்தந்த அரண்மனையின் பழக்கம்.

சரி, 'விஜய' என்றால் என்ன? வெற்றி. ஆனால் தொண்டைமான்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர் பெயர் 'விஜயரகுநாத' என்றே தொடங்குகிறது. முதலாமவர் 1730 முதல் 1769 வரை ஆண்டவர். ஆங்கிலேயருக்குத் திருச்சியில் உதவியவரும் அவரே. அவர் பெயரின் முதற்பகுதி என்றும் சொல்கிறார்கள், போரில் கிடைத்த வெற்றியின் நினைவு என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் இருப்பதிலும் தடை இல்லை. அரசர்களுக்கு இப்படி இரட்டை அர்த்தம் பிடிக்கும்.

அவர் காலத்தோடு இன்னொரு மரபும் சேர்ந்திருக்கிறது. 1738இல் திருவரங்குளம் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரரை அவர் சந்தித்தார் என்பார்கள். பிரம்மேந்திரர் மௌனி. வாய் திறக்காமல் மணலில் எழுதி உபதேசம் செய்தார். மன்னர் அந்த மணலையே அள்ளிக் கொண்டுவந்து அரண்மனையில் வைத்துப் பூசை செய்தார். நவராத்திரியைப் பெரிதாகக் கொண்டாடுவதும் அப்போதிலிருந்து வந்தது என்பது ஊர் நம்பிக்கை. நவராத்திரி நாட்களில் அரண்மனையில் அரிசி தானம் செய்வார்கள். கூடவே அம்மன் காசும் கொடுப்பார்கள். வாங்கியவர் அதைப் பிரசாதம் என்று பூசை அறையிலும் வைக்கலாம், மறுநாள் கடையில் கொடுத்து உப்பும் வாங்கலாம். பலரும் இரண்டாவதைத்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அரிசி கிடைத்தவருக்கு உப்பு வேண்டுமே.

மன்னர் முகம் ஏன் இல்லை என்பதற்கும் இங்கேதான் விடை. புதுக்கோட்டை மன்னர்கள் தங்களைப் 'பிரகதாம்பாதாசர்' என்று சொல்லிக்கொண்டார்கள்; அரசு அம்மனுடையது, நாங்கள் அவளுடைய ஊழியர்கள். திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துப் 'பத்மநாபதாசர்' ஆனார். அந்த நாட்டுக் காசுகளில் பெருமாளின் சங்கு வரும். தெய்வம் அரசர், அரசர் தாசர் என்றால் காசில் யார் இருக்க வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை.

ஆண்டு இல்லாத காசை எப்படிக் காலம் கணிப்பது?

நாணயம் சேர்ப்பவர்களுக்கு எரிச்சல் மூட்டும் கேள்வி இது. 'விஜய' என்று இருப்பதால் விஜயரகுநாதர் காலத்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஒரு முறை பழகிவிட்ட அச்சை அரசுகள் லேசில் மாற்றாது. ஆற்காடு ரூபாயைப் பாருங்கள். டில்லி பாதுஷா இரண்டாம் ஆலம்கீர் 1759இல் கொலையுண்டார். அவர் பெயரும், அவருடைய ஆறாம் ஆட்சியாண்டும் பொறித்த ரூபாயைச் சென்னையில் கம்பெனி 19ஆம் நூற்றாண்டிலும் அடித்துக்கொண்டிருந்தது. செத்துப்போன பாதுஷாவின் பெயரில் மக்களுக்கு நம்பிக்கை இருக்கும்போது உயிரோடு இருப்பவரின் பெயரைப் போட்டு ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும்? அம்மன் காசிலும் அதே கதைதான். மன்னர்கள் மாறினார்கள், 'விஜய' மாறவில்லை.

ஆகவே எழுத்தை விட்டுவிட்டு வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டும். பழைய காசுகள் கையால் அடித்தவை. கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, நடுவில் செப்புத் துண்டு, ஓங்கி ஒரு சுத்தியல் அடி. துண்டு அச்சை விடச் சிறிதாக இருந்தாலோ கொஞ்சம் நகர்ந்தாலோ அம்மனின் தலை வெளியே போய்விடும், அல்லது 'வி' விழாமல் 'ஜய' மட்டும் நிற்கும். ஒன்றைப் போல இன்னொன்று இராது. தடிமனும் கோணலும் ஆளுக்கு ஆள் மாறும். பிற்காலத்தில், மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆண்ட நாட்களில் (1886 முதல் 1928 வரை) இயந்திரத்தில் அடித்த காசுகள் வந்தன. அவை வட்டம் பிசகாது, அம்மன் நடுவில் இருப்பாள், எழுத்து மூன்றும் முழுதாக இருக்கும். கையில் கிடைக்கும் அம்மன் காசு இந்த இரண்டில் எந்த வகை என்று சொல்லத் தெரிந்தாலே நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

எடையும் ஒரு சாட்சி. இயந்திரக் காசு சுமார் ஒன்றேகால் கிராம் இருக்கும். சட்டைப் பொத்தான் அளவு. ஐந்து காசைச் சேர்த்து வைத்தால் ஆறேகால் கிராம். அதே மதிப்புள்ள பிரிட்டிஷ் செப்புக் காலணா சுமார் ஆறரை கிராம். செப்புக்குச் செப்பு ஏறக்குறைய சரியாக இருக்கிறது. கடைக்காரர் ஏமாறவில்லை என்று அர்த்தம்.

1948 மார்ச் 3இல் ராஜகோபாலத் தொண்டைமான் ஆட்சியில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதி ஆனது. தனி மாவட்டம் ஆனது 1974இல்தான். காசுக்கு வேலை போனது, அம்மனுக்குப் போகவில்லை. பழங்காசு போலச் செய்து அம்மன் டாலர்களாகவும் படம் பதித்த வில்லைகளாகவும் இன்றும் விற்கிறார்கள். சாமி கும்பிட அவை போதும். பழைய நாணயம் என்று யாராவது அதிக விலை சொன்னால் மட்டும் உஷாராக இருங்கள். அம்மன் காசு சில்லறையாக ஓடிய சாதாரணக் காசு. 'வீட்டில் வைத்தால் பணம் கொட்டும்' என்று ஆயிரக்கணக்கில் விலை கூறுகிறவர் காசை விற்கவில்லை, ஆசையை விற்கிறார்.

மண்ணிலிருந்து புதையலாகக் கிடைத்தால் விஷயமே வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். புதுக்கோட்டைச் சீமை புதையலுக்குப் பேர்போனது. 1898இல் ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில் ஒரே இடத்தில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் வெளிப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ரோம மன்னர் முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு. மன்னர் முகம் இல்லாத காசு ஓடிய அதே மண்ணில் முகம் வெட்டுப்பட்ட காசு கிடைத்ததை நினைத்துச் சில சமயம் எனக்கு நானே சிரித்துக்கொள்வேன். இரண்டுக்கும் இடையில் 1,600 ஆண்டுகள், ஒரு தொடர்பும் இல்லை.

தாத்தா பெட்டியிலிருந்து ஒன்றிரண்டு கிடைத்திருந்தால் செய்ய வேண்டியது குறைவு. குத்துவிளக்கு தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். செம்பின் மேல் படிந்த அந்தக் கருமைதான் அதன் வயதுக்கு அத்தாட்சி. பளபளவென்று ஆக்கினால் அம்மனின் மூக்கும் முழியும் கூடவே தேய்ந்துபோகும். வெறும் தண்ணீரில் மண் போக அலசி, மெல்லிய துணியில் ஒற்றி எடுத்துக் காகித உறையில் வையுங்கள். அதற்கு முன், சாய்வான காலை வெயிலில் பூதக்கண்ணாடி வைத்து ஒரு முறை திருப்பிப் பாருங்கள். மூன்று எழுத்தும் தெரிகிறதா, இல்லை 'வி' வெளியே போய்விட்டதா?